ஆராயி உரிக்காத பட்டை

ஆராயிக்கு வாய் நீளம் என்று கரட்டுப்பாளையத்தில் எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த வாயால் பிழைத்தவர்கள். சந்தையில் அளவு குறைந்தால் ஆராயியைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். காரியம் முடிந்ததும், "அவ வாய்க்கு யாரு ஆவா?" என்று நைசாக நகர்ந்து கொள்வார்கள். ஊர் என்றால் அப்படித்தான். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பேசுகிற நேரத்தில் பேசிவிட்டு, பிறகு அதை மறந்துவிடுகிற சுபாவம் அவளுக்கு.

வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு கரட்டின் அடிவாரத்தில் இருந்தது அந்த ஊர். கரடு என்றால் மலை என்றும் சொல்ல முடியாது, மேடு என்றும் சொல்ல முடியாது. கல், முள், அவற்றுக்கு நடுவில் ஆவாரஞ்செடி, அவ்வளவுதான். சேந்தமங்கலத்துப் பக்கத்திலிருந்து சடையனுக்குக் கழுத்தை நீட்டி அவள் இந்த ஊருக்கு வந்தபோது, "இந்தக் கல்லையா திங்கறது?" என்று கேட்டாளாம். கேட்ட மறுநாளே கொடுவாளை எடுத்துக்கொண்டு மற்றப் பெண்களோடு கரட்டில் ஏறினாள். அந்தக் கல்லுதான் சோறு போடுகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆவாரம்பட்டையை ஊறவைத்த தண்ணீரில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் போட்டு வைத்தால் தோல் அழுகாது, பதமாகும். இங்கே உரித்துக் காயவைத்த பட்டை வண்டியேறி ஈரோட்டுத் தோல் ஷாப்புகளுக்குப் போகும். அங்கே பதமான தோல் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி லண்டனுக்குப் போகும். அங்கே யாரோ ஒரு துரை காலில் மாட்டிக்கொண்டு நடக்கிற பூட்ஸில் கரட்டுப்பாளையத்துப் பெண்களின் கைரேகை இருந்தது. அது அந்தத் துரைக்கும் தெரியாது, இந்தப் பெண்களுக்கும் தெரியாது.

கரடு சர்க்கார் புறம்போக்கு. அதில் பட்டை உரிக்கும் உரிமையை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். வருஷா வருஷம் நாச்சிமுத்துதான் எடுப்பார். ஊரில் பெரிய காடுதோட்டம் அவருடையது. சடையன் அவருடைய பண்ணையில் வருஷக் கூலிக்கு இருந்தான். ஆக, புருஷன் அவர் நிலத்தில், பெண்டாட்டி அவர் குத்தகையில். வீட்டில் எரிகிற அடுப்பு அவர் முகத்தைப் பார்த்துத்தான் எரிந்தது.

பட்டை உரிப்பது பார்க்கச் சுலபமான வேலை. விடிகிற நேரத்துக்குச் செடியைக் கொம்பு கொம்பாக வெட்ட வேண்டும். முழங்கால் உயரத்துக்கு அடியை விட்டு வெட்டினால்தான் அடுத்த மழைக்குத் தழையும். வெட்டியதைப் பாறைமேல் வைத்து மரக்கட்டையால் தட்டி ஒரு முறுக்கு முறுக்கினால், ஈரம் இருக்கிறவரை பட்டை சட்டையைக் கழற்றுவதுபோல் கையோடு வந்துவிடும். ஆனால் அன்றைக்கு வெட்டியதை அன்றைக்கே, வெயில் உச்சியைத் தாண்டிச் சாய்வதற்குள் உரித்தாக வேண்டும். விட்டால் ஈரம் வற்றி, பட்டை குச்சியோடு இறுகிக்கொள்ளும். பிறகு எப்பேர்ப்பட்ட கையானாலும் அதைப் பிரிக்க முடியாது. அடுப்பில் வைக்கலாம், அவ்வளவுதான்.

இப்படிச் சில வருஷம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு மழைக்காலத்தில் நாச்சிமுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு கரட்டுக்கு வந்தார்.

"என்ன பட்டை உரிக்கறீங்க? காயிதமாட்ட இருக்குது. மெல்லிசுன்னு ஷாப்புக்காரன் திருப்பி உடறான். தடிப்பாக் கொண்டாங்க, இல்லாட்டி எடுக்க மாட்டேன்" என்றார்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நேற்றுவரை நல்ல பட்டையாக இருந்தது இன்றைக்கு எப்படி மெல்லிசாகும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆராயிக்கும் தோன்றவில்லை. தப்பு தங்கள் கையில்தான் என்று நினைத்தார்கள். இளங்கொம்பை விட்டுவிட்டு முற்றியதை வெட்டினார்கள். அதுவும் போதாது என்றார். அடியோடு வெட்டினார்கள். அப்போதும் தலையை ஆட்டினார். வேர்ப்பட்டை தடிப்பாக இருக்கும் என்று கண்டுபிடித்தவள் ஆராயிதான். கடப்பாரையை முதலில் எடுத்தவளும் அவள்தான். கரட்டின் கீழ்ச்சரிவு முழுவதையும் வேரோடு தோண்டி, பட்டையை அடுக்கடுக்காகக் கட்டி, அவர் களத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த ஐப்பசி மழைக்கு வேரில்லாத மண் கரைந்து ஓடையோடு போயிற்று. சரிவில் பாறை மட்டும் பல்லை இளித்தது.

அவ்வளவு செய்தும் நாச்சிமுத்து கூலியைப் பாதியாக்கினார். ஆராயி நேராக அவர் பட்டையை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் போனாள். அவரும் அன்றைக்கு ஏதோ நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பட்டைத் துண்டை எடுத்து அவள் கையில் போட்டார். கட்டை விரல் தடிமன். மரத்தைப் பிளந்தது மாதிரி கனத்தது.

"இது சீமைப்பட்டை. வாட்டில் பட்டைன்னு பேரு. ஆப்பிரிக்காவுல நேட்டால்னு ஒரு சீமை, அங்கிருந்து கப்பல்ல வருது. அங்க மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுதாம். மலை மலையா மரத்த நட்டு வெச்சிருக்கறான் வெள்ளைக்காரன். ஒரு மரத்த உரிச்சா, நீங்க நாள் முச்சூடும் உரிக்கறது அதுக்கு ஈடாகாது. கப்பல் கூலி சேத்தியும் உங்க பட்டையக் காட்டிலும் சல்லிசு. தோலும் சீக்கிரம் பதமாவுது. கப்பல் வந்திருச்சு ஆராயி, நான் என்னத்தப் பண்ணட்டும்?"

ஆராயி அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை; கோபம்தான் காந்தியது.

"அப்ப எங்க பட்டை மெல்லிசுன்னு ஏனுங்க திட்டுனீங்க? எங்க செடிக்கு இத்தன தடிமந்தானுங்க வரும். இத முன்னாலயே காட்டியிருந்தா நாங்க வேரத் தோண்டியிருப்பமுங்களா?"

"வேரத் தோண்டுன்னு நானா சொன்னேன்? தடிப்பாக் கொண்டான்னுதானே சொன்னேன்" என்று அவர் சிரித்தார்.

அதுதான் அவளைச் சுட்டது. அவர் சொன்னது நிஜம். தோண்டச் சொன்னது அவர் இல்லை. பயம்தான் தோண்டச் சொன்னது. எங்கோ கடலுக்கு அப்பால் மழை அதிகம் பெய்கிறது, நிலம் அதிகம் கிடக்கிறது என்பதற்காக இங்கே ஒருத்தி தன் கை சரியில்லை என்று நம்பி, தன் சோற்றுப் பானையைத் தானே உடைத்துக்கொண்டாள். இதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது? அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். வீட்டை அடையும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இனி எவனாவது சரக்கைக் குறை சொன்னால், முதலில் அவன் பக்கத்துக் கதையைக் கேட்காமல் தன் பக்கத்தைத் திருத்தப் போவதில்லை.

நேட்டால் என்ற பேர் அவளுக்குப் புதிது இல்லை. அவள் பிறப்பதற்கு முன்பே, அம்மாவின் தம்பி காத்தான் ஆள் பிடிக்கிறவன் பேச்சைக் கேட்டு அந்த ஊருக்குத்தான் கப்பலேறினார். கரும்புக்காட்டு வேலை என்று போனவர், திரும்பவே இல்லை. அந்தச் சீமை மரத்தை வெட்டி உரிக்கிற கூலிகளிலும் நம்ம சனம் உண்டு என்று பிற்பாடு யாரோ சொல்லக் கேட்டாள். "அப்ப அவங்களுக்கும் அரை வயித்துக் கூலிதான். இல்லாட்டி இத்தன சல்லிசா எப்படி வரும்?" என்றாள். மாமனுக்கு அந்த ஊரில் பேரன் பேத்தி இருந்தால், அவர்களும் இதே வெயிலில் கையைக் கிழித்துக்கொண்டு நிற்பார்களோ என்று நினைத்தபோது, அந்தப் பட்டைமேல் இருந்த கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது.

அடுத்து வந்த வருஷங்களில் பட்டையைக் கேட்க நாதி இல்லை. உலகம் முழுக்கவே வியாபாரம் படுத்துவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். வெட்டுவார் இல்லாமல் கரட்டின் மேல்பாதியில் ஆவாரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பூத்து, தை மாதத்தில் கண்ணைப் பறிக்கிற மஞ்சளாக நின்றது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்குப் பூப் பறிக்க வந்த வெளியூர்க்காரர்கள், "என்ன அழகுங்க!" என்று வாயைப் பிளந்தார்கள். ஆராயிக்கு அவர்களைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருக்கும். கரடு அழகாக இருந்தால் ஊர் பட்டினியாக இருக்கிறது என்று அர்த்தம். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் காலத்தில் அவள் களை எடுத்தாள், நிலக்கடலை பறித்தாள், சாலைக்கு ஜல்லி உடைத்தாள். இரண்டு குழந்தைகளைப் பெற்றாள், இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை. விறகுக்காக ஆவாரை வேரைத் தோண்ட வந்தவர்களை மட்டும் கல்லால் அடிக்காத குறையாக விரட்டினாள். "செத்த கரட்டுக்கு எதுக்குக் காவல்?" என்று கேட்டவனிடம், "கீழ்ச்சரிவ நாந்தான் கொன்னேன். மேல்சரிவ உன்னையக் கொல்ல உட மாட்டேன்" என்றாள்.

பிறகு சண்டை வந்தது. ஜெர்மன்காரன், அப்புறம் ஜப்பான்காரன். கப்பலில் பட்டை ஏற்ற இடமில்லை. பீரங்கியும் பட்டாளமும்தான் ஏறின. ஏறியதிலும் பாதி கடலுக்கு அடியில் போயிற்று. சீமைப்பட்டை வருவது சுருங்கிப்போய், பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் தோல் என்று ஷாப்புகள் அலறின. பத்து வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத நாச்சிமுத்து, ஏலத்தில் போட்டி போட்டுக் கரட்டை எடுத்தார். பெண்கள் மறுபடியும் கொடுவாளைத் தீட்டினார்கள். ஆனால் எந்தக் கப்பல் நின்றதால் பட்டைக்கு மவுசு வந்ததோ, அந்தக் கப்பலே இன்னொரு காரியத்தையும் செய்தது.

ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. கரட்டுப்பாளையத்துக்காரர்கள் நோம்பி பண்டிகைக்கு மட்டும் அரிசிச் சோறு தின்கிறவர்கள். பர்மா அரிசி வந்தால் என்ன, நின்றால் என்ன? அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அரிசி தின்று பழகிய டவுன்காரர்களுக்குப் பசிக்காதா? கம்பையும் சோளத்தையும் கேழ்வரகையும் வண்டி வண்டியாக வாங்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்ததை வைத்திருந்தவர்கள் இறுக்கி மூடிக்கொண்டார்கள். பட்டைக் கூலியாகக் கையில் காசு இருந்தது. அதைக் கொண்டுபோய் சந்தையில் நீட்டினால் கம்பு இல்லை. காசைக் கடித்துத் தின்னவா முடியும்?

சடையனின் தம்பி பெண்டாட்டி ராசம்மாளுக்கு அந்த வருஷம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. செல்லாயி என்று பேர். ராசம்மாள் இரண்டு வேளை தண்ணீரைக் குடித்துப் படுத்தால், மூன்றாம் வேளை குழந்தைக்கு எங்கிருந்து பால் வரும்? குழந்தை அழுவதற்கும் தெம்பில்லாமல் முனகியது. அந்த முனகல் ஆராயிக்குப் பழக்கமான முனகல். ஏற்கனவே இரண்டு தடவை தன் மடியில் கேட்டிருக்கிறாள். மூன்றாவது தடவை கேட்க அவள் தயாராக இல்லை.

நாச்சிமுத்துவின் களத்து மூலையில் மண்ணுக்கு அடியில் தானியக் குழி இருந்தது. போன வருஷத்துக் கம்பு முழுவதும் அதில்தான் கிடந்தது என்பது ஊருக்கே தெரியும். அதைக் கொட்டியவர்களில் சடையனும் ஒருவன். ஆராயி போய்க் கேட்டாள். "கூலியக் காசாக் குடுக்காதீங்க சாமி. கம்பா அளந்து போடுங்க."

"கம்பு விலை எங்க நிக்குதுன்னு தெரியுமா உனக்கு? காச வாங்கிட்டு சந்தைக்குப் போ" என்றார் அவர்.

"சந்தைல இல்லீங்க. உங்க குழியிலதான் இருக்குது."

"நாக்க அடக்கிப் பேசு" என்றார். அவள் பேசாமல் திரும்பிப் போனதைப் பார்த்து அவராவது கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஆவணியில் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. ஈரோட்டிலிருந்து லாரி வந்து சாலையோரம் நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம். முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைவிட்டு ஓடுகிற லாரி. பட்டாளத்து அவசரத்தில் காயவைக்கவும் பொறுமை இல்லை; அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பச்சைப் பட்டையே ஏறாவிட்டால் வேறு குத்தகைக்காரரிடம் போய்விடுவதாக டிரைவர் சொல்லிவிட்டான். பெண்கள் விடியும் முன்பே கரட்டில் ஏறி, வெட்டு வெட்டென்று வெட்டித் தள்ளினார்கள். பாறைகளுக்குப் பக்கத்தில் கொம்புகள் மலையாகக் குவிந்தன. நாச்சிமுத்து குடையைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

வெயில் ஏறியது. ஆராயி கொடுவாளைக் கீழே வைத்தாள். தன் குவியலுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் ராசம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். தட்டுகிற கட்டை ஒன்றுகூட எழவில்லை.

"என்ன, ஊட்டுத் திண்ணையின்னு நெனப்பா? உரிங்க" என்றார் நாச்சிமுத்து.

"உரிக்கறமுங்க. குழியத் தொறங்க, கம்பு வரட்டும், உரிக்கறம்" என்றாள் ஆராயி.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்தது. "இது பட்டாளத்துச் சரக்கு. போலீசு வந்தா எல்லாத்தையும் கொண்டுபோயி அடைச்சிருவாங்க. காங்கிரசுக்காரன் எவனாச்சும் வந்து சொல்லிக் குடுத்தானா?"

"யாரும் வரலீங்க. வவுறு சொல்லிக் குடுத்துச்சு."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரிப்பு ஒட்டிக்கொண்டது. நாச்சிமுத்து குடையை மடக்கித் தரையில் ஊன்றினார். "உங்குளுக்குத்தான் நட்டம். பட்டை காஞ்சு போச்சுன்னா வெட்டுன கூலியும் இல்ல, தெரியுமா?"

"தெரியுமுங்க. நாங்க பட்டினி கெடந்து பழகுனவங்க, இன்னிக்கு ஒரு நாள் சேத்துக் கெடப்பம். லாரி கெடக்குமுங்களா?"

அவர் சாலையைப் பார்த்தார். லாரியிலிருந்து கரிப்புகை எழும்பிக்கொண்டிருந்தது. குரலை இறக்கி, "அம்மிணி, நாலு பேருக்கு முன்னால இதென்ன பேச்சு? அன்னிக்கு வெல எறங்குனப்ப நானா எறக்குனேன்? கப்பல் பண்ணுன வேலை. உனக்கே காட்டுனனே" என்றார்.

"அதையேதானுங்க நானும் சொல்றேன். அன்னிக்குக் கப்பல் வந்துச்சு, எங்க கூலி பாதியாச்சு. நாங்க வாய மூடிட்டுப் போனம். இன்னிக்குக் கப்பல் வரலீங்க. நான் என்னத்தப் பண்ணட்டும்?"

அவர் ஆளை அனுப்பி, பண்ணையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த சடையனை வரவழைத்தார்.

சடையன் பேச்சே இல்லாத ஆள். அவனுக்கும் சேர்த்து ஆராயியே பேசிவிடுவதால், தான் பேச வேண்டிய அவசியமே வந்ததில்லை என்று ஊரில் கேலி செய்வார்கள். கால் முழுக்கச் சேற்றோடு கரட்டில் ஏறி வந்தான். பெண்கள் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். ஆராயி பார்க்கவில்லை. அவளுக்கு அந்த நிமிஷம்தான் உண்மையிலேயே பயம் வந்தது. நாச்சிமுத்துவை எதிர்ப்பது வேறு. இவன் 'எந்திரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் அதை மீறி உட்கார்ந்திருக்க முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சடையா, உன்ற பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ. இல்லாட்டி நாளையிலிருந்து நீயும் பண்ணைக்கு வர வேண்டாம்" என்றார் நாச்சிமுத்து.

சடையன் அவரைப் பார்த்தான். குவியலைப் பார்த்தான். ராசம்மாள் மடியில் கிடந்த குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, ஆராயிக்குப் பக்கத்தில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தான்.

"எனக்கும் பசிக்குதுங்க" என்றான்.

ஆராயி அவன் முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

நிழல் காலடிக்குள் சுருங்கியது. நாச்சிமுத்து ஒரு கொம்பை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். பட்டை கொஞ்சம் வந்தது, பிறகு பிய்ந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் பிய்ந்தது. அவருக்கும் பட்டை தெரியும். அதனால்தான் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "குழியத் தொறக்கச் சொல்றேன். நீங்க மொதல்ல உரிங்க, பொழுது சாய அளக்கலாம்" என்றார்.

"மூட்டை கண்ணுல தெரியட்டுமுங்க" என்றாள் ஆராயி.

குழியைத் திறந்தவுடன் இறங்க முடியாது. உள்ளே அடைத்துக் கிடக்கிற காற்று வெளியேறும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு இறங்கிச் செத்தவர்கள் உண்டு. அவ்வளவு நேரமும் வெயில் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. பெண்களும் அசையவில்லை. கடைசியில் கீழே களத்திலிருந்து ஒரு வண்டி கிளம்பி, அதில் மூட்டைகள் தெரிந்தபோதுதான் ஆராயி கட்டையைக் கையில் எடுத்தாள். அப்புறம் கரடு முழுக்க ஒரே தட்டல் சத்தம். சடையனும் தட்டினான், கோணலாக.

பாதிப் பட்டைதான் வந்தது. மீதி இறுகிவிட்டது. லாரி பாதிச் சுமையோடு போயிற்று. உரித்த பாதிக்குத்தான் கம்பு என்றார் நாச்சிமுத்து. அது நியாயம் என்று ஆராயியும் ஒப்புக்கொண்டாள். ஆனால் தானியம் அளக்கிற வள்ளத்தில் கம்பை அள்ளி அவர் கையால் தலை தட்டப் போனபோது, "தட்டாதீங்க சாமி, கோபுரமா உடுங்க" என்றாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கோபுரமாக விட்டார்.

அன்றைக்கு ராசம்மாள் வீட்டு அடுப்பில் கம்பங்கூழ் கொதித்தது. செல்லாயி இரண்டு நாள் கழித்து ஊரே கேட்கும்படி வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு ஆராயி அழுதாள். அவள் அழுது ஊர் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சடையனைப் பண்ணையிலிருந்து நிறுத்தியது நிறுத்தியதுதான். அவன் ஒரு கொடுவாளைச் செய்து வாங்கிக்கொண்டு, பெண்களோடு கரட்டில் ஏறினான். ஆம்பிளை செய்கிற வேலையா இது என்று சிரித்தவர்களும் அடுத்த மழைக்குக் கூடவே ஏறினார்கள். பட்டைக்குக் கம்பு என்று ஆனபின், களை எடுக்கவும் கடலை பறிக்கவும் கதிர் அறுக்கவும் ஊரில் யாரும் காசுக்கு இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் வள்ளத்தில் அளந்த தானியம்தான். நாச்சிமுத்துவும் வேறு வழியில்லாமல் அளந்தார்.

சண்டை முடிந்தது. கப்பல்கள் பீரங்கியை இறக்கிவிட்டு மறுபடியும் சரக்கை ஏற்றின. ஒரு வருஷத்துக்குள் சீமைப்பட்டை ஈரோட்டில் குவிந்துவிட்டது. கரட்டு ஏலத்துக்கு நாச்சிமுத்து போகவில்லை. ஒருநாள் காலையில் தன் நிலக்கடலைக் காட்டுக்குக் களை எடுக்க வந்திருந்த பெண்களுக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது.

"கப்பல் வந்திருச்சு ஆராயி. உங்க பட்டை இனி விறகுதான். சண்டைக் காலத்துக் கூத்தெல்லாம் முடிஞ்சுது. இன்னையிலிருந்து பழையபடி காசுதான், பழைய கூலிதான். இஷ்டம்னா எறங்குங்க."

பெண்கள் வரப்பிலேயே நின்றார்கள். ஆராயிக்கு இப்போது தலை நரைத்திருந்தது. அவள் அவருடைய காட்டை ஒரு முறை கண்ணால் அளந்தாள். பட்டை போனதில் அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. இந்தக் கரட்டால் அந்த நேட்டால் மழையோடு மல்லுக்கட்ட முடியாது. அது அவளுக்கு என்றைக்கோ தெரியும். ஆனால் அது பட்டையின் சங்கதி.

"பட்டைக்குக் கப்பல் வந்துச்சுங்க, செரி" என்றாள். "உங்க காட்டுல களை எடுக்கறதுக்கும் ஆளு கப்பல்லயே வருதுங்களா?"

நாச்சிமுத்து தன் காட்டைப் பார்த்தார். முந்தின நாள்தான் மழை விட்டிருந்தது. கடலைச் செடியே தெரியாமல் களை முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவர் திரும்பி, வீட்டிலிருந்து வள்ளத்தை எடுத்து வரச் சொன்னார்.